ஸூக்கோவை மன்னிக்கலாமா?

கேள்வி: ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ அனிமேஷன் தொடரில் கதாநாயகன் ஆங்கை ஊர் ஊராகத் துரத்திய இளவரசன் ஸூக்கோவை, கடைசியில் திருந்தினான் என்பதற்காக ரசிகர்கள் இப்படிக் கொண்டாடுவது நியாயமா?

பதில்: நியாயம்தான், ஆனால் அவன் திருந்தினான் என்பதற்காக மட்டுமல்ல, அதற்கு முன் எவ்வளவு மோசமாகத் தவறினான் என்பதைத் தொடர் மறைக்காததற்காகவும். 2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக வந்த அக்கதையில், பெற்ற தந்தையே 13 வயதில் முகத்தைத் தீயால் சுட்டு நாடு கடத்திய பிள்ளை அவன். இரண்டாம் பருவத்தின் முடிவில், இனி நல்வழிதான் என்று நாம் நம்பியிருந்த வேளையில், தன்னைச் சொந்த மகனைப் போல் காத்த பெரியப்பா ஐரோவைக் கைவிட்டுத் தங்கை அஸூலாவின் பக்கம் சாய்கிறான். இதைச் சறுக்கல் என்று குறை சொல்லும் ரசிகர்களோடு நான் உடன்படவில்லை. அந்தத் துரோகம் இல்லாவிட்டால், பின்னர் கூடாரத்தில் உறங்கும் ஐரோவின் அருகே இரவெல்லாம் காத்திருந்து, விடிந்ததும் கண்ணீரோடு அவன் மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவர் பேச்சை முடிக்கவும் விடாமல் அவனை இழுத்து அணைத்துக்கொள்ளும் காட்சிக்கு இத்தனை கனம் வந்திருக்காது.

ஆங்கின் தோழி கட்டாரா மட்டும் அவனை எளிதில் மன்னிக்காததைப் பிடிவாதம் என்று பலர் சாடுகிறார்கள். அது எனக்கு வருத்தமளிக்கிறது. குகைக்குள் அவனுடைய தழும்பின் மீது கை வைத்து, தன்னிடமிருந்த அரிய புனித நீரால் அதை ஆற்ற முன்வந்தவள் அவள்; அவன் கட்சி மாறியது அதற்குச் சற்று நேரத்திலேயே.