அணைக்க வேண்டாம்

அன்புள்ள ஐயா,

என்னிடம் இருப்பது 2015-ல் வாங்கிய பிளேஸ்டேஷன் 4, டிவியில் மாட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டி. போன மாதம் ஒரு ராத்திரி கரண்ட் ஏறி ஏறி இறங்கியது. மறுநாள் பட்டனை அழுத்தினால் ஒரு பீப் சத்தம், நீல விளக்கு துடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. டிவியில் படம் இல்லை. நானும் பெரியப்பா மகனும் மூன்று வருடம் உட்கார்ந்து, கட்டம் கட்டமாக அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் கட்டிய எங்கள் தாத்தாவின் தோட்டத்து வீடு அதில்தான் இருக்கிறது. திண்ணை, களம், கட்டுத்தரை, படி வைத்த கிணறு எல்லாம் கட்டியிருந்தோம். நிஜ வீட்டைப் பாகம் பிரித்தபின் இடித்துவிட்டார்கள்.

கடையில் "போர்டு போச்சு, எக்ஸ்சேஞ்சில் போட்டுடுங்க, நாலாயிரம் தர்றோம்" என்றார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். ஒன்றும் தெரியவில்லை, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. ஹேர் டிரையரால் சூடு காட்டினால் உயிர் வரும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. வெறும் விளையாட்டு, இதற்குப் போய் உங்களுக்கு எழுதுவது அசட்டுத்தனம்தான், மன்னிக்கவும். மீட்க வழி உண்டா?

எஸ்., காங்கயம்

அன்புள்ள எஸ்.,

ஃபார்மேட் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதை எழுதவில்லை. வேண்டாம் என்று மூடியிருப்பீர்கள் என்று நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். இனி அந்த டிஸ்க்கை எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டாதீர்கள். ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு பீரோவில் வையுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடைசி வரிகளில். வெறும் விளையாட்டாம், அசட்டுத்தனமாம், மன்னிக்கவாம். அந்த விளையாட்டில் ஒரு கட்டம் ஒரு மீட்டர். திண்ணை எத்தனை கட்டம், கட்டுத்தரை வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, கிணற்றுப் படி எந்தப் பக்கம் இறங்கியது என்று இரண்டு பேர் மூன்று வருடம் நினைவைத் தோண்டி எடுத்திருக்கிறீர்கள். ஒன்றிரண்டு தடவையாவது சண்டை போட்டிருப்பீர்கள். அதையே ஒரு சார்ட் தாளில் வரைந்து வைத்து அந்தத் தாள் மழையில் நனைந்திருந்தால் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருப்பீர்களா? இடிந்துபோன ஒரு வீட்டின் ஒரே நகல் அது. யாரிடமும் கூச்சப்படாதீர்கள். கடைக்காரரிடமும் அப்படியே சொல்லுங்கள், எங்கள் தாத்தா வீடு இதற்குள் இருக்கிறது என்று.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம். போர்டில் இருக்கும் ஈயமில்லாத பற்று உருக 217 டிகிரி வேண்டும். ஹேர் டிரையர் அந்தச் சூட்டை எட்டாது, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கையும் கெபாசிட்டரையும்தான் கெடுக்கும். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுப் பெட்டி மூன்று சிவப்பு விளக்கு காட்டிச் செத்துக்கொண்டிருந்த காலத்தில் அதைத் துண்டில் சுற்றிச் சூடேற்றினார்கள். சில பெட்டிகள் எழுந்து கொஞ்ச நாள் ஓடிவிட்டு மறுபடியும் படுத்தன. ஒரே பிரதி உள்ளே இருக்கும்போது அந்தச் சோதனையெல்லாம் கூடாது. டேட்டா ரெகவரி கடைக்கும் போகாதீர்கள், பணம் வீண்.

ஏன் வீண் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதில் உள்ள எல்லாம் பூட்டி எழுதப்பட்டிருக்கிறது, சாவி போர்டில் இருக்கும் சிப்புகளில் இருக்கிறது. உங்கள் போர்டில், உங்கள் பெட்டியில் மட்டும். அதே கடையில் அதே நாளில் வாங்கிய இன்னொரு பிளேஸ்டேஷனில் இந்த டிஸ்க்கைப் போட்டாலும் அது படிக்காது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமா என்று கேட்கும். ஆகவே நீங்கள் காப்பாற்ற வேண்டியது டிஸ்க்கை அல்ல, போர்டை. கடைக்காரர் நாலாயிரத்துக்குக் கேட்பதும் அந்த போர்டு இருக்கும் பெட்டியைத்தான். கொடுத்துவிடாதீர்கள். "போர்டு மாத்தித் தர்றேன்" என்று யாராவது சொன்னாலும் கொடுக்காதீர்கள். புது போர்டு வந்தால் பெட்டி பிழைக்கும், வீடு போய்விடும்.

பீப் கேட்கிறது, நீல விளக்கு துடிக்கிறது என்றால் அது முழுதாகச் சாகவில்லை. அன்றைய கரண்ட்டில் பவர் சப்ளை அடிவாங்கியிருக்கலாம், படம் வெளியே போகும் ஹெச்டிஎம்ஐ பகுதி போயிருக்கலாம். இதையெல்லாம் சாவி இருக்கும் சிப்புகளைத் தொடாமலே சரிசெய்ய முடியும். எக்ஸ்சேஞ்ச் கடையை விட்டுவிட்டு, 'சிப் லெவல் சர்வீஸ்' என்று பலகை போட்டு லேப்டாப் போர்டுகளில் பற்றுவைத்துக்கொண்டிருக்கும் ஆளைத் தேடுங்கள். கோவையில் கிடைப்பார். இல்லையென்றால் சென்னைக்கு வந்து ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலையுங்கள்.

போகும்போது டிஸ்க்கைக் கொண்டுபோகாதீர்கள். இதை இரண்டு தடவை படியுங்கள். பெட்டியை மட்டும் கொடுங்கள். பழுது பார்க்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆனால் அவர்கள் கைக்கு ஒரு பழக்கம் உண்டு: வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துப் பளிச்சென்று புதிதாகத் தருவது. அதை அவர்கள் வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதையாக நினைக்கிறார்கள். என் பழைய லேப்டாப்பை ஒரு கடையில் கீபோர்டு மாற்றக் கொடுத்தேன். "சார், ஸ்லோவா இருந்துச்சு, ஃபுல்லா அழிச்சு ஃப்ரெஷ்ஷா போட்டுட்டேன், அதுக்குத் தனியா காசு வேண்டாம்" என்று சிரித்த முகத்தோடு நீட்டினார் ஒரு பையன். பதினோரு வருடக் கடிதங்கள் அதில் இருந்தன. அவனைத் திட்டவும் முடியவில்லை.

டிஸ்க் இல்லாமல் ஆன் செய்தால், சேமிப்பகத்தை அணுக முடியவில்லை என்று திரையில் எழுத்து வரும். அந்த எழுத்து வந்தாலே போர்டு பிழைத்துவிட்டது. அப்புறம் வீட்டுக்கு வந்து நீங்களே உங்கள் கையால் டிஸ்க்கை மாட்டுங்கள். நேராகத் திறக்கவில்லை என்றால் பெட்டியை அணைத்துவிட்டுப் பவர் பட்டனை ஏழு விநாடி போல, இரண்டாவது பீப் கேட்கும்வரை, அழுத்திப் பிடியுங்கள். ஏழு வரி கொண்ட ஒரு பட்டியல் வரும். ஐந்தாவது, தகவல்களை மறுபடி அடுக்குவது. அதுவரை போகலாம். ஆறும் ஏழும் அழிப்பவை, அந்தப் பக்கமே போகாதீர்கள். திறந்துவிட்டால் விளையாட உட்காராதீர்கள், வீட்டைச் சுற்றிப் பார்க்கவும் போகாதீர்கள். முதல் வேலை, செட்டிங்ஸுக்குள் போய்ச் சேமித்த தகவலை யுஎஸ்பி டிரைவுக்குப் பிரதி எடுப்பது. இரண்டு டிரைவில் எடுங்கள். அந்தப் பிரதி உங்கள் கணக்கோடு கட்டப்பட்டது என்பதால் கணக்கின் பாஸ்வேர்டையும் எழுதி வையுங்கள். சந்தா கட்டி இணையத்தில் பிரதியை ஏற்றி வைக்கும் வசதி உங்களிடம் இருந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்திருந்தால் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

இந்தப் பூட்டு விஷயம் எனக்குப் பல நாளாக மனதில் அறுத்துக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் இப்படி இல்லை. முதல் பிளேஸ்டேஷனுக்கு ஒரு சின்ன கார்டு தனியாக உண்டு. 128 கிலோபைட், பதினைந்து கட்டமாகப் பிரித்த இடம். அடுத்த பிளேஸ்டேஷனுக்கு 8 மெகாபைட் கார்டு. பெட்டி எரிந்து கருகினாலும் கார்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நண்பன் வீட்டுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து ஆடலாம். பையன்கள் அதை வீட்டுச் சாவி மாதிரி வைத்துக்கொண்டு அலைந்தார்கள். 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஹார்ட் டிஸ்க்கை உள்ளே வைத்தது, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கடவுச்சொல் போட்டுப் பூட்டியது. 2006-ல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது பெட்டியோடு டிஸ்க்கைக் கட்டிப்போட்டது. 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சில் மெமரி கார்டு போடும் துளை இருக்கிறது, விளையாட்டையே அதில் வைக்கலாம், நீங்கள் ஆடிச் சேர்த்ததை மட்டும் வைக்க முடியாது. திருட்டைத் தடுக்க, ஏமாற்றி ஆடுவதைத் தடுக்க என்று காரணம் சொல்கிறார்கள். விளையாட்டைப் பூட்டட்டும், அது அவர்கள் உழைப்பு. கிணற்றுக்கு நீங்கள் படி வைத்தது யார் உழைப்பு? அதன் சாவியைக் கெட்டுப்போகக்கூடிய ஒரே ஒரு போர்டுக்குள் வைத்து, அதற்குச் 'சேமிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சேமிப்பே இல்லாத விளையாட்டுதான் எங்களுக்குக் கிடைத்தது. 1995, ராஜபாளையம். அப்பா நூற்பாலையில் மூன்றாவது ஷிப்ட். அக்காவும் நானும் ஒரு வருடம் கெஞ்சி 'டிவி கேம்' வாங்கினோம். சாம்பல் நிறப் பெட்டி, மஞ்சள் கேசட், ஊதி ஊதிப் போட வேண்டும். அதில் மரியோ மட்டும் ஆடுவோம். எட்டு உலகம், ஒவ்வொன்றிலும் நான்கு, மொத்தம் முப்பத்திரண்டு கட்டம். அதில் குறுக்கே கூட்டிப்போகும் குழாய்கள் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. அப்பா வேலைக்குப் போவதற்கு முன்னால், சாப்பாட்டுக்கு டிவியை விட்டுக் கொடுத்தாக வேண்டும், அப்புறம் தூங்கியாக வேண்டும். அதனால் ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு டிவியை மட்டும் அணைப்போம். பெட்டி ராத்திரி முழுக்க ஓடும். அடாப்டர் தொட முடியாமல் கொதிக்கும். அம்மாவுக்கு அது வெடித்துவிடும் என்று பயம். விடிந்ததும் முதல் வேலையாகப் பிடுங்கிவிடுவாள். இரண்டு தடவை அப்படிப் போயிற்று. இரண்டு தடவையும் அக்கா பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டே போனாள்.

மூன்றாவது ராத்திரி அப்பா ஷிப்டுக்குக் கிளம்பும்போது தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு அடாப்டர் வயரில் மாட்டிவிட்டுப் போனார். "அணைக்க வேண்டாம். பிள்ளைகள் பாதியில் வைத்திருக்கிறார்கள்." அவருக்கு அந்த விளையாட்டு என்னவென்றே தெரியாது. ஒரு நாளும் ஆடிப் பார்த்ததில்லை. காலையில் பஞ்சுத் தூசியோடு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் குனிந்து சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். எரிந்தால் ஒரு தலையாட்டு. அம்மா அதற்கப்புறம் அடாப்டருக்குக் கீழே ஒரு ஓட்டுச்சில்லை வைத்தாள், தரை சூடாகாமல் இருக்கட்டும் என்று. பிடுங்கவில்லை.

ஐந்தாம் நாள் விடியற்காலை கரண்ட் போய்விட்டது. அதை அப்பாவால் என்ன செய்ய முடியும்? வந்து பார்த்தார், விளக்கு இல்லை. எங்களை எழுப்பி, "எதுவரைக்கும் வந்திருந்தீங்க?" என்று கேட்டார். அக்கா, "ஆறு ஒண்ணுப்பா" என்றாள். அன்றைய காலண்டர் தாளின் மூலையில் 6-1 என்று எழுதினார், ஆறாம் உலகத்தின் முதல் கட்டம். எழுதினால் அது திரும்பி வந்துவிடாது என்று எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அன்றிலிருந்து தினமும் கேட்பார், எழுதுவார். 3-2. 5-4. 4-1. பரீட்சை மார்க்கைக்கூட அவர் அப்படி எழுதி வைத்ததில்லை.

அந்த 6-1 தாள் என்னிடம் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு டிரங்குப் பெட்டியைக் காலிசெய்யும்போது ரேஷன் கார்டுக்குள் செருகியிருந்தது. மை மங்கிவிட்டது, எண் தெரிகிறது. போன தீபாவளிக்கு அக்கா வந்தபோது அதை நீட்டினேன். பார்த்த உடனே, "ராத்திரி கட்டம்டா அது, வானம் கருப்பா இருக்கும், மேகத்துல உட்கார்ந்து ஒருத்தன் முள்ளுருண்டையா எறிவான்" என்றாள். முப்பது வருடத்துக்கு அந்தப் பக்கம். அதைப் படிக்க எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை, எஸ்.

அதனால்தான் நீங்கள் அண்ணனிடம் சொல்லாமல் இருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றத் தெரிந்தது, கம்ப்யூட்டரில் மாட்டத் தெரிந்தது, முன்பின் தெரியாத எனக்குக் கடிதம் எழுதத் தெரிந்தது. அந்த வீட்டில் பாதியைக் கட்டிய மனிதரை மட்டும் கூப்பிடத் தெரியவில்லையா? என்ன பயம்? பாகம் பிரித்ததில் வருத்தம் இருக்கிறதா? இருக்கட்டும். உங்களுக்குத் தெரியாமல் அவர் ஒருநாள் யுஎஸ்பியில் பிரதி எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை என்றாலும், போர்டு பிழைக்கவில்லை என்றாலும், திண்ணை எத்தனை கட்டம் என்பதில் பாதி அவர் தலையில் இருக்கிறது. இப்போதே கேட்டு எழுதுங்கள். கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள், ஒரு கட்டம் ஒரு மீட்டர். ரிச்சி தெருவுக்கும் அவரையே துணைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெட்டியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வராதீர்கள், குலுங்கும்.

கிணற்றுக்கு எத்தனை படி வைத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அண்ணனிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.