ட்வீட் போடுவதும் ஒரு வேலையா?

ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். “நாள் முழுக்க ஃபோனை நோண்டுவதற்கு இவள் சென்னை வரைக்கும் போக வேண்டுமா? அதைத்தான் வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறாளே” என்று கேட்டிருந்தீர்கள். கோபத்தில் வந்த கேள்விதான் என்றாலும் நியாயமான கேள்வி. பி.காம். முடித்த மகளுக்கு விளம்பர ஏஜென்சி ஒன்றில் சோஷியல் மீடியா எக்ஸிக்யூட்டிவ் வேலை வந்திருக்கிறது. கிளையன்ட் கம்பெனிகளின் ட்விட்டர் கணக்குகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். (2023-இல் எக்ஸ் என்று பெயர் மாறிவிட்டது. சென்னையை இன்னமும் மெட்ராஸ் என்று சொல்கிற ஆள் நான். ட்விட்டர் என்றே எழுதுகிறேன்.) நீங்கள் நினைத்திருந்ததோ வங்கித் தேர்வு.

வங்கித் தேர்வை முதலில் பேசி முடித்துவிடுவோம். அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் நடத்தும் கிளார்க் தேர்வை 28 வயது வரை எழுதலாம், பி.ஓ. என்கிற அதிகாரி தேர்வை 30 வரை. மகளுக்கு இப்போது 21. இரண்டு வருடம் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தாலும் காலம் இருக்கிறது. இதா அதா என்று இந்த வாரமே முடிவு கட்ட வேண்டிய நெருக்கடி இல்லை.

சரி, ட்வீட் போடுவதற்கு ஒரு கம்பெனி எதற்காகச் சம்பளம் கொடுக்க வேண்டும்? டெல் கம்பெனி 2007-இலேயே அங்கே ஒரு கணக்கு தொடங்கியது. புதுக் கம்ப்யூட்டர் விற்பதற்கு அல்ல, திரும்பி வந்து சரிசெய்யப்பட்ட கம்ப்யூட்டர்களைத் தள்ளுபடியில் விற்றுத் தீர்ப்பதற்கு. இந்த மாடல், இந்த விலை என்று இரண்டு வரி, கூடவே ஒரு லிங்க். அந்தக் கணக்கின் வழியாக 30 லட்சம் டாலருக்கு மேல் விற்பனை ஆனதாக 2009 ஜூனில் டெல் சொன்னது. காரணம் எளிது. அந்த மாதிரிச் சரக்கின் இருப்பு நாளுக்கு நாள் மாறும். பத்திரிகையில் விளம்பரம் அச்சாகி வருவதற்குள் பாதி தீர்ந்திருக்கும்.

நம் நாட்டு உதாரணம் ரயில்வே. சுரேஷ் பிரபு அமைச்சராக இருந்த 2014 முதல் 2017 வரையிலான காலத்தில், குழந்தைக்குப் பால் இல்லை, மருந்து வேண்டும் என்று ஓடும் ரயிலிலிருந்து பயணிகள் ட்வீட் போட, அடுத்த ஸ்டேஷனில் ஆள் வந்து கொடுத்த செய்திகள் அடிக்கடி பத்திரிகைகளில் வந்தன. கோடி ரூபாய் விளம்பரத்திலும் கிடைக்காத நல்ல பெயர் அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ட்வீட்டைப் படித்தவர் செய்தது பாதி வேலைதான். மீதிப் பாதி, எங்கோ ஒரு பிளாட்பாரத்தில் பால் பாட்டிலோடு காத்திருந்தவருடையது. பின்னால் அப்படி ஓர் ஆள் இல்லாத கம்பெனியில் எவ்வளவு அழகாக எழுதினாலும் எடுபடாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லாத் தொழிலுக்கும் ட்விட்டர் உதவாது. உங்கள் ஊர் ஜவுளிக்கடைக்கு இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும்தான் சரி. புடவையைக் கண்ணால் பார்த்தால்தானே வாங்குவார்கள்? டெலிகாம், விமான நிறுவனம், அரசுத் துறை, செய்தி நிறுவனம், அப்புறம் நீங்கள் ஆசைப்படும் அதே வங்கிகள், இவற்றுக்குத்தான் ட்விட்டர் முக்கியம். ஆகவே ஏஜென்சியில் மகளுக்கு எந்த கிளையன்ட்டைக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ‘எல்லாரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று பதில் வந்தால், ஒருவர் தலையில் எத்தனை கணக்கு என்று அடுத்த கேள்வி.

இனி வேலை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கட்டணம் கட்டாத சாதாரணக் கணக்கில் ஒரு ட்வீட்டுக்கு 280 எழுத்து. 2017 வரை 140 தான் இருந்தது. தமிழில் எழுதும்போது இந்தக் கணக்கு கையைக் கடிக்கும். ‘தீபாவளித் தள்ளுபடி’ என்று எழுதினால் நமக்கு அது பத்து எழுத்து. ட்விட்டருக்கு, நடுவில் விட்ட இடத்தையும் சேர்த்து, 18. புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். லிங்க் எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23. இதற்குள் விலை, தேதி, கிளை எல்லாம் அடங்க வேண்டும். பேலன்ஸ் ஷீட் போட்ட பெண், இது பழகிவிடும்.

பழகக் கஷ்டமானது பதில் சொல்வது. நாளின் பெரும்பகுதி அதற்குத்தான் போகும். ஒருவர் எழுதுகிறார்: “மூணு நாளா நெட் இல்ல, இதுல ஆஃபர் ஒரு கேடா?” உடனே ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று தயாராக வைத்திருக்கும் வரியை ஒட்டினால், அவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னும் நாலு பேருக்குக் காட்டுவார். வேலை தெரிந்தவர் இப்படி எழுதுவார்: “எந்த ஏரியா என்று சொல்லுங்கள், விசாரித்துச் சொல்கிறேன். உங்கள் நம்பரை இங்கே போட வேண்டாம், டிஎம்-இல் (தனிச் செய்தியில்) அனுப்புங்கள்.” அந்தக் கடைசி வரி வெறும் மரியாதைக்கு எழுதுவதல்ல. பொதுவில் நம்பர் போட்டவரை, கஸ்டமர் கேர் பேசுகிறோம் என்று சொல்லி அழைத்துப் பணத்தைச் சுருட்டுகிற கூட்டம் காத்திருக்கிறது. எனக்கு இந்த வேலையில் மதிப்பு வந்ததே இப்படி ஒரு பதிலைப் பார்த்த பிறகுதான்.

அபாயம் எங்கே? ஃபோனில். 2012 அக்டோபரில் அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, சமையலறை மிக்ஸர் மெஷின் விற்கும் கிச்சன்எய்ட் கம்பெனியின் கணக்கிலிருந்து ஒபாமாவின் இறந்துபோன பாட்டியைக் கிண்டல் செய்து ஒரு ட்வீட் வந்தது. தன் சொந்தக் கணக்கு என்று நினைத்து ஊழியர் ஒருவர் போட்டது. கம்பெனி ஊரறிய மன்னிப்புக் கேட்டது. ஆகவே ஆபீஸ் கணக்குக்குத் தனி ஃபோன் தருவார்களா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

என்னிடம் ஆலோசனைக்கு வந்து பிறகு இதே வேலைக்குப் போன பையன் ஒருவன். 2018 ஆகஸ்ட் 7, மாலை 6.10-க்குக் கலைஞர் மறைந்த செய்தி வந்ததே, அன்று அவன் 7 மணிக்கு ஒரு கடையின் ‘கொண்டாடலாம் வாங்க’ ட்வீட்டைக் காலையிலேயே ஷெட்யூல் செய்து வைத்திருந்தான். ஊரே ஸ்தம்பித்து நிற்க, அவன் பஸ் கிடைக்குமா என்று அலைந்துகொண்டிருந்தான். ட்வீட் சொன்ன நேரத்துக்குப் போய்விட்டது. எடுக்க அரை மணி ஆயிற்று, ஏனென்றால் பாஸ்வேர்டு அவனுடைய மேனேஜரிடம் மட்டும் இருந்தது. அவர் ஃபோனை எடுக்கவில்லை. மறுநாள் திட்டு யாருக்கு விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2013 பிப்ரவரியில் அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஆட்டத்தில் 34 நிமிடம் கரண்ட் போய் ஆட்டம் நின்றது. அந்த இடைவெளிக்குள் ஓரியோ பிஸ்கட்காரர்கள், இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் முக்கித் தின்னலாம் என்று ஒரு படத்தோடு ட்வீட் போட்டார்கள். சமயோசிதம் என்று இன்றும் வகுப்புகளில் பாடம் நடத்துகிறார்கள். என்னைக் கேட்டால், அதில் பெரிய விஷயம் நகைச்சுவை அல்ல. எழுதியவர்களும், ‘சரி, போடு’ என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர்களும் அன்று ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் சேருவதற்கு முன் ஏஜென்சியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ராத்திரி 9 மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை, ஒரு ட்வீட்டை ஓகே செய்வது யார்? தப்பாகப் போனால் பொறுப்பு யார்? பதிலில் தடுமாறினால் யோசிக்க வேண்டிய இடம்.

போலி ஐடிகள் உருவாக்கிப் பொருளைப் புகழ்ந்து எழுதச் சொன்னால், அல்லது அவள் சொந்தக் கணக்கிலிருந்தே எழுதச் சொன்னால், மறுக்கச் சொல்லுங்கள். பணம் வாங்கிக்கொண்டு புகழ்ந்தால் விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என, விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-இலேயே விதி போட்டிருக்கிறது. அசல் சான்றிதழ்களைக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பாண்ட் (இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்கிற ஒப்பந்தம்) என்ற சொல் ஆஃபர் லெட்டரில் எங்காவது இருந்தால் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள்.

சேரும் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்கிறீர்கள். கோர்ஸ் எதற்கும் இப்போது பணம் கட்ட வேண்டாம். ஒரு டெலிகாம், ஒரு வங்கி என்று இரண்டு கணக்குகளைப் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு வரும் புகார்களில் தினமும் பத்தை எடுத்து, தானாக இருந்தால் என்ன பதில் எழுதியிருப்பாள் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். எங்கும் போட வேண்டாம், நோட்டில் மட்டும். சில புகார்களுக்குப் பதிலே சொல்லாமல் இருப்பது நல்லது என்று தோன்றும். அதையும் ஏன் என்று எழுதட்டும்.

நோட்டு பாதி நிரம்பியதும் இருவரும் நேரில் வாருங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மாலை 5-க்கு மேல் இருப்பேன். வரும்போது ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வா என்று மட்டும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். அவள் எதையெல்லாம் படிக்கிறாள் என்று நான் பார்க்க வேண்டும்.