டேட்டாபேஸ் ‘ஆர்ஆர்எம்’ என்கிறது, ஜெல்லில் ஒன்றும் நகரவில்லையே?

கேள்வி: என் புரதத்தில் அடுத்தடுத்து இரண்டு ஆர்ஆர்எம் (RRM, பொதுவாக ஆர்என்ஏவைப் பிடிக்கும் பகுதி) டொமைன்கள் இருப்பதாக டேட்டாபேஸ் காட்டுகிறது. முதல் டொமைனை மட்டும், காட்டிய எல்லையிலேயே வெட்டி, பாக்டீரியாவில் தயாரித்தேன். ஜெல் ஷிஃப்டில் (புரதம் ஒட்டினால் ஆர்என்ஏவின் பேண்ட் இடம் மாறும் சோதனை) மூன்று முறையும் பேண்ட் நகரவில்லை. நானோடிராப்பில் 260/280 விகிதம் (260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) 1.4 வந்தது. எந்த ஆர்என்ஏ ஒட்டும் என்று கணித்து, டாக்கிங் (கணினியில் ஒட்டிப் பார்ப்பது) படத்துடன் அறிக்கை தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த 1.4-இல்தான் பாதி பதில் இருக்கிறது.

சுத்தமான புரதத்துக்கு இந்த விகிதம் 0.6-ஐ ஒட்டி இருக்கும். சுத்தமான ஆர்என்ஏவுக்கு 2. உங்களுடையது 1.4 என்றால், புரதம் பாக்டீரியாவின் ஆர்என்ஏவைக் கட்டிக்கொண்டே சுத்திகரிப்புக் குழாயிலிருந்து (column) இறங்கியிருக்கிறது. ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கும் இருக்கையில் உங்கள் ஆர்என்ஏ எங்கே போய் உட்காரும்? நிக்கல் குழாயில் புரதம் ஒட்டியிருக்கும்போதே 1 மோலார் உப்புக் கரைசலால் தாராளமாகக் கழுவுங்கள். போதாவிட்டால் ஹெப்பாரின் குழாய். ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி) போட்டுச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அதில் துளி மிஞ்சினாலும் உங்கள் ப்ரோபையே (சோதனைக்குப் போடும் ஆர்என்ஏவையே) தின்றுவிடும். அப்புறம் ஜெல்லில் நகர்வதற்கு எதுவும் இருக்காது.

‘பாக்டீரியா ஆர்என்ஏவைப் பிடித்திருக்கிறதே, அதுவே சான்று இல்லையா’ என்று கேட்பீர்கள். இல்லை. நேர்மின்னேற்றம் கூடிய எந்தப் புரதமும் அப்படித்தான் பிடிக்கும்.

அடுத்தது, வெட்டிய இடம். ஆர்ஆர்எம் என்பது சுமார் 90 அமினோ அமிலங்கள். விரித்த கையை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பீட்டா இழைகள் சேர்ந்த தட்டுதான் உள்ளங்கை, இரண்டு ஹெலிக்ஸ்கள் (சுருள்கள்) புறங்கை. நடுவிலுள்ள 1ஆம், 3ஆம் இழைகளிலிருந்து பினைலாலனின், டைரோசின் போன்ற வளையங்கள் உள்ளங்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஆர்என்ஏவின் எழுத்துகள் அவற்றின்மேல் தட்டையாகப் படுக்கும். இது பாடப்புத்தக வடிவம், டேட்டாபேஸ் எல்லையும் இதோடு நின்றுவிடும். ஆனால் யூ1ஏ புரதத்தைப் பாருங்கள். நாகாய் குழுவினர் 1990இல் அதன் ஆர்ஆர்எம் வடிவத்தையும், 1994இல் அது ஆர்என்ஏவுடன் சேர்ந்திருக்கும் வடிவத்தையும் வெளியிட்டார்கள். நான்காவது இழைக்கு அப்பால் அதற்கு இன்னொரு ஹெலிக்ஸ் உண்டு. ஆர்என்ஏ வராதபோது அது உள்ளங்கையை மூடிக்கிடக்கிறது, வந்ததும் ஒதுங்கி வழிவிடுகிறது. கணினி போட்ட கோட்டில் கத்தி வைத்தால் போவது இந்த மாதிரித் துண்டுதான். இருபுறமும் 15, 20 அமினோ அமிலங்கள் கூடுதலாக விட்டு குளோன் செய்யுங்கள்.

அதைவிட, இரண்டு டொமைன்களையும் நடுவிலுள்ள இணைப்போடு சேர்த்தே எடுங்கள். ஒற்றை ஆர்ஆர்எம் பெரும்பாலும் நான்கைந்து எழுத்துகளைத்தான் தொடும், பிடியும் தளர்வு. ஜெல் ஓடி முடிவதற்குள் கழன்றுவிடும். இரண்டும் சேர்ந்தால் பிடி பல மடங்கு இறுகும். ஒற்றை டொமைனைத்தான் பார்த்தாக வேண்டுமென்றால் ஜெல்லை விட்டுவிட்டு, கரைசலிலேயே ஒட்டுதலை அளக்கும் ஃப்ளோரசன்ஸ் போலரைசேஷனுக்குப் போங்கள்.

இனி அந்த அறிக்கை. டாக்கிங் மென்பொருளுக்கு ‘ஒட்டாது’ என்று சொல்லத் தெரியாது. எதைக் கொடுத்தாலும் எங்காவது ஒட்டிக் காட்டும். ஒரு மாணவர் காசு கொடுத்து வாங்கிய அறிக்கையை என்னிடம் கொண்டுவந்தார். வண்ணப் படம், பளபளப்பான தாள். ஆர்என்ஏ போய் உட்கார்ந்திருந்ததோ ஹெலிக்ஸ் பக்கம், அதாவது புறங்கையில்! படம் போட்டவர் ஆர்ஆர்எம்மைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்களை அணுகியவரிடம், ஆர்என்ஏவுக்குச் சம்பந்தமே இல்லாத ஆல்புமினையும் ஓட்டி மதிப்பெண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பதில் வருகிறதா பாருங்கள். மாணவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மதிப்பீட்டுக் குழுவில் உட்காருகிறவர்கள் 260/280 என்ன என்று கேட்பதில்லை, ‘மாடல் படம் எங்கே’ என்றுதான் கேட்கிறார்கள். படம் விற்கிறவன் பிழைக்காமல் என்ன செய்வான்?

எல்லாம் சரிசெய்தும் ஒட்டவில்லையென்றால்? அப்போது நினைக்க வேண்டியது ஒய்14 என்ற புரதத்தை. மடிப்பைப் பார்த்தால் அசல் ஆர்ஆர்எம். ஆனால் ஆர்என்ஏ உட்கார வேண்டிய அதே உள்ளங்கையில் மாகோ என்ற இன்னொரு புரதம் ஒட்டி அதை மறைத்திருக்கிறது. இந்த இரண்டும் எம்ஆர்என்ஏவில் எக்ஸான்கள் என்ற துண்டுகள் இணைந்த இடத்துக்கு அருகே அமரும் கூட்டணியின் உறுப்பினர்கள். ஆர்என்ஏவோடு இருக்கிற கூட்டணிதான், ஆனாலும் இந்த ஆர்ஆர்எம் அங்கே புரதத்தைப் பிடிக்கிற வேலையைச் செய்கிறது. யூ2ஏஎஃப்65 என்ற புரதத்தின் கடைசி ஆர்ஆர்எம்மும் இப்படித்தான், புரதத்தைத் தேடும். அதன் முதல் இரண்டு ஆர்ஆர்எம்கள் மட்டும் ஒழுங்காக ஆர்என்ஏவைப் பிடிக்கும். ஒரே புரதத்துக்குள்ளேயே இப்படி. எனவே உங்கள் முதல் டொமைனில் 1ஆம், 3ஆம் இழைகளில் வளையங்கள் இருக்கின்றனவா என்று வரிசையை விரல் வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் சந்தேகப்படலாம். இருந்தாலும் சந்தேகம் முழுதாகத் தீராது, புல்-டவுன் செய்து எந்தப் புரதம் கூட வருகிறது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

ஒட்டிவிட்டால், அந்த வளையங்களில் இரண்டை வளையமில்லாத அலனினாக மாற்றி மறுபடி பாருங்கள். மாற்றிய புரதத்தின் மடிப்பு கலையவில்லை என்பதற்கு ஒரு சிடி (circular dichroism) அளவீடும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பே குலைந்த புரதம் எதையும் பிடிக்காது, அதைக் காட்டி ‘நிரூபித்துவிட்டேன்’ என்று எழுதினால் கவனமாகப் படிக்கிற முதல் ஆளே பிடித்துவிடுவார்.