பழைய கார்கள் ஊட்டி ஏறும் நாள்: கேள்வி பதில்

வரும் ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் பழைய கார்கள் கூடுகின்றன. குன்னூரில் பட்டறை வைத்துப் பழைய இன்ஜின்களோடு காலம் தள்ளியவன் என்பதால், போகவிருக்கும் பலர் எனக்குக் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள்.

கோத்தகிரி வாசகி: எத்தனை மணிக்கு வந்தால் நன்றாகப் பார்க்கலாம், ஐயா?

விடிந்ததும் வந்துவிடுங்கள் அம்மா. பதினொரு மணிக்கு வருகிறவர்கள் கயிற்றுக்கு அப்பால் நிற்கும் பொம்மைகளைத்தான் பார்க்கிறார்கள். ஊட்டிக் குளிரில் இரவெல்லாம் நின்ற வண்டியை சோக் (குளிரில் இன்ஜின் கிளம்பப் பெட்ரோல் கலவையைக் கூட்டும் குமிழ்) இழுத்து எழுப்புவதைப் பார்க்க வேண்டும்: முதலில் இரண்டு இருமல், பெட்ரோல் நெடியோடு கொஞ்சம் புகை, பிறகு மெல்லச் சீராகும் சத்தம். கிளம்ப மறுக்கும் வண்டியின் உரிமையாளர் முகத்தையும் கவனியுங்கள். டிக்கெட் காசு அதற்கே சரியாகிவிடும்.

சென்னை வாசகர்: நானும் காரில்தான் வருகிறேன். இ-பாஸ் வேண்டுமா?

வேண்டும். குடையும் வேண்டும்.

மேட்டுப்பாளையம் வாசகர்: அப்பாவின் 1968 அம்பாசடரை ஓட்டிக்கொண்டு வர ஆசை. வழியில் கொதித்துவிடுமா?

கவனிக்காவிட்டால் கொதிக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் நன்றாக இருந்தால் உள்ளே அழுத்தம் நின்று, கொதிநிலை உயரும். ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே இன்ஜினில் கை வைப்பதற்கு முன் மூடியைப் பாருங்கள். பெரிய செலவு செய்தவர்கள் பலரும் இந்தச் சின்னச் சாமானைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மேலே வர வரக் காற்று மெலியும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் விடும் பெட்ரோல் அதற்கேற்பக் குறையாது. பிளக்கில் கரி படியும், இழுவை குறையும். சமவெளியில் இருந்த சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஊட்டியில் இருக்காது. அதற்காக, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றிவிடாதீர்கள். ஒரு நாள் பயணத்துக்கு அது தேவையில்லை, கீழே இறங்கியதும் வண்டி வேறுவிதமாக முரண்டு பிடிக்கும். ஆட்களைக் குறைத்து ஏற்றுங்கள், போதும்.

அந்தக் கால அம்பாசடரில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (பற்களின் வேகத்தைச் சமப்படுத்தி கியரைச் சத்தமின்றி விழவைக்கும் அமைப்பு) கிடையாது. ஓடுகிற வண்டியில் கொண்டை ஊசி வளைவின் நடுவே முதல் கியரைத் திணித்தால் பற்கள் அலறும். வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். அதிலும் இழுக்கவில்லை என்றால், நிறுத்தி முதல் கியர் போட்டு எடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும்.

பர்லியாறில் ஓரங்கட்டி பானட்டைத் திறந்து வையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். வண்டி ஆறுவதற்குள் பழக்கடையில் ஒரு சுற்று வரலாம். இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பம்ப் சூடாகி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியானாலும் வண்டி நின்றுவிடும். பம்பில் ஈரத்துணியைச் சுற்றிச் சற்று நேரம் பொறுங்கள். மலைப்பாதை டாக்சிக்காரர்களின் பழைய வைத்தியம் அது.

வெலிங்டன் பள்ளி மாணவி: பழைய காரில் கதவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிறு கை வெளியே நீளுமாமே, உண்மையா தாத்தா?

உண்மைதான் கண்ணு. திரும்பும் பக்கத்தைக் காட்ட, விளக்கு பொருத்திய சிறு கை எழுந்து நிற்கும். பழைய மோரிஸ் மைனர் வந்திருந்தால் அதன் உரிமையாளரிடம் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லிக் கேள். உன்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம் அதிகமாக இருக்கும்.

குன்னூர் வாசகர்: அந்தக் காலத்தில் கார்கள் பின்பக்கமாக மலையேறின என்று தாத்தா சொல்வார். கதைதானே?

கதை இல்லை. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி-யில் பெட்ரோல் பம்ப் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் இருக்கைக்கு அடியில் இருந்த டாங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கி வர வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் இன்ஜின் டாங்கைவிட உயரத்துக்குப் போய்விடும், பெட்ரோல் எட்டாது. வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினால் தீர்ந்தது. ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் கூடுதல்.

கோவை கல்லூரி மாணவர்: ஒரே ஒரு காரைப் பார் என்றால் எதைச் சொல்வீர்கள்?

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெரிய வெளிநாட்டுக் கார்களைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும், நிற்கட்டும். ஹெரால்டு நம் சென்னைக்குப் பக்கத்தில், 1961 முதல் செய்யப்பட்டது. பானட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, முன்விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுதும் முன்னோக்கிச் சாயும். சக்கரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் நம் வளைவுகளுக்கென்றே பிறந்த வண்டி. நான்கு கதவு ஹெரால்டு அதன் தாய்வீடான இங்கிலாந்திலேயே வரவில்லை, இங்கேதான் வந்தது. அதில் ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

திருப்பூர் வாசகர்: நம்பர் பலகையில் ‘விஏ’ என்று சில கார்களில் இருக்கிறதே?

2021-இல் வந்த விதி. பதிவாகி 50 ஆண்டுக்கு மேலான, மூல வடிவம் மாறாத வண்டிக்குக் கிடைக்கும் எண் அது. கண்காட்சிக்கும் ரேலிக்கும் ஓட்டலாம். தினமும் கடைக்குப் போக ஓட்டக்கூடாது.

பல்லடம் வாசகி: உள்ளே உட்கார்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்ளலாமா?

கேட்டுவிட்டு. பெல்ட் பக்கிள், தோள்பை ஜிப் இரண்டும் பெயின்டைக் கிழிக்கும், அதனால் சாய்ந்து நிற்காதீர்கள். பளபளப்பைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். புதுப் பெயின்டுக்குள் பள்ளம் நிரப்பும் பட்டி எத்தனை கிலோ ஒளிந்திருக்கிறது என்பது டிங்கருக்கு மட்டுமே தெரியும். கொஞ்சம் மங்கினாலும் பழைய பெயின்டோடு வந்த வண்டிக்குத்தான் என் ஓட்டு.

மசினகுடி வாசகர்: முடிந்ததும் என் பிரீமியர் பத்மினி காரில் கல்லட்டி வழியாக இறங்கிவிடலாமா, அண்ணா?

வேண்டாம் தம்பி. 36 கொண்டை ஊசி வளைவுகள், உங்கள் வண்டியில் இருப்பவை டிரம் பிரேக்குகள். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடாகி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், மிதி ஆழமாகப் போய்க்கொண்டே இருக்கும். கூடலூர் சுற்றிப் போங்கள். அங்கேயும் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக் வாடை அடித்தால், நடுவட்டத்தில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம்.