அண்டார்டிக் கடல்ல மீனோட ரத்தம் ஏன் உறையறதில்ல?

அந்த மீனுங்க ரத்தத்துல ஆன்ட்டிஃப்ரீஸ் புரதம்னு ஒண்ணு இருக்கு, ஐஸ் துகள் பெருசா வளர விடாம தடுக்கிற புரதம், அவ்ளோதான்.

ஏன் தேவைன்னா, கடல் தண்ணி உப்பா இருக்கறதால மைனஸ் 1.9 டிகிரி வரைக்கும் உறையாது, ஆனா சாதாரண மீன் ரத்தத்துல உப்பு கம்மி, அது மைனஸ் 1 வர்றதுக்கு முன்னாடியே உறைஞ்சிடும். அப்போ கடல் தண்ணியாவே இருக்க, உள்ள நீந்துற மீன் ஐஸ்கட்டி ஆகணும்ல? ஆகல. 1960கள்ல ஆர்தர் டிவ்ரீஸ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி அண்டார்டிகாவுல இருக்கிற மெக்மர்டோ பக்கம் மீன் புடிச்சு ஆராய்ஞ்சப்பதான் இந்தப் புரதம் தெரிய வந்துச்சு.

வேலை செய்யற விதம் ரொம்ப சிம்பிள். குடிக்கிற தண்ணியோட சின்னச் சின்ன ஐஸ் துகள் உள்ள போகத்தான் செய்யும், புரதம் போய் அது மேல ஒட்டிக்கும், அப்புறம் அது வளர முடியாது. ஜாமூன் பாகுல ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டா பாகு கல்கண்டு மாதிரி பூக்காம இருக்கும் பாருங்க, வழி வேறதான், ஆனா பலன் அதே மாதிரி.

வட துருவப் பக்கம் இருக்கிற ஆர்க்டிக் காட் மீன்லயும் கிட்டத்தட்ட இதே புரதம் இருக்கு, ரெண்டுக்கும் நெருங்கின சொந்தம் கிடையாது, தனித்தனியா உருவானது, எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

பலர் நினைக்கிற மாதிரி இந்த மீனுங்க உடம்பு சூடாலாம் இருக்காது, சுத்தி இருக்கிற தண்ணி எவ்ளோ சில்லுன்னு இருக்கோ உடம்பும் கிட்டத்தட்ட அவ்ளோ சில்லுன்னுதான் இருக்கும்.