சிலிக்கான் வந்தது இன்ஜினிலிருந்தா, பாட்டிலிலிருந்தா?

கோத்தகிரி அருகே பச்சைத் தேயிலை ஏற்றும் டீசல் பிக்கப் வைத்திருக்கும் வாசகர் ஒருவர், தம் வண்டியின் இன்ஜின் ஆயிலைச் சோதனைக்கு அனுப்பியதில் சிலிக்கான், அலுமினியம், இரும்பு மூன்றும் மிகுந்திருப்பதாக அறிக்கை வந்துள்ளது என்றும், இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறார். ஆயில் மாற்றும்போது, பழைய ஆயிலை வடிக்க இன்ஜினின் அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் வந்த ஆயிலை, கழுவிய தண்ணீர் பாட்டிலில் பிடித்தாராம். வீட்டிலேயே சுத்தமாக மாதிரி எடுப்பது எப்படி என்பது அவர் கேள்வி.

இன்ஜினைப் பிரிக்கும் முன் இன்னொரு மாதிரி எடுத்துப் பாருங்கள். மூன்று தனிமங்களும் சேர்ந்து உயர்வது, தூசி உள்ளே புகுந்து பிஸ்டனையும் சிலிண்டரையும் தேய்க்கிறது என்பதற்கான அடையாளம்தான். ஆனால் நீலகிரியின் செம்மண் இரும்பும் அலுமினியமும் செறிந்த லேட்டரைட் வகை என்பதால், பாட்டிலில் விழுந்த மண்ணும் அறிக்கையில் அதே மூன்றையும் உயர்த்திக் காட்டிவிடும். 100 மில்லி ஆயிலின் எடை சுமார் 87 கிராம். அதில் ஒரு மில்லிகிராம் மண் விழுந்தாலே பத்து லட்சத்தில் 11 பங்கு அந்நியப் பொருள் சேர்ந்துவிடுகிறது. சோதனைக்கூடமோ தனிமங்களைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்றே அளக்கிறது. எஸ்டேட் பாதையில் ஓடும் வண்டியின் ட்ரெயின் போல்ட்டைச் சுற்றி அப்பியிருக்கும் சேற்றையும் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் படிந்த கசடையும் முதலில் பாயும் ஆயில் அடித்துக்கொண்டு வரும்.

எனவே ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் இறங்கும் குழாய் வழியாக, கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப் கொண்டு எடுப்பதே நல்லது. வண்டியை அரை மணி நேரமாவது ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பின், பத்து நிமிடத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். ஆறவிட்டால் துகள்கள் அடியில் படிந்துவிடும். டிப்ஸ்டிக்கின் தலைப்பகுதியைத் துடைத்த பிறகே வெளியே இழுக்க வேண்டும். புதிய பிளாஸ்டிக் குழாயை டிப்ஸ்டிக்கின் பக்கத்தில் பிடித்து, அதன் நீளத்துக்குக் குழாயில் அடையாளமிட்டு, அந்த அளவுக்கு மட்டும் இறக்குங்கள். சம்ப்பின் தரையைக் குழாய் தொடக் கூடாது. முதலில் வரும் சிறிதளவை வேறொரு பாட்டிலில் விட்டு, அதன் பிறகு மாதிரி பாட்டிலைப் பொருத்துங்கள். ஒருமுறை பயன்படுத்திய குழாய் மறுமுறைக்கு ஆகாது.

பம்ப் இல்லையென்று மருந்துக்கடை சிரிஞ்சை நாடுவோர் பலர். அது பிரித்த புதிய சிரிஞ்சாக இருந்தாலும், உள்ளே அடைப்பான் வழுக்கிச் செல்வதற்காகப் பெரும்பாலும் சிலிக்கான் அடங்கிய சிலிக்கோன் எண்ணெய் தடவியிருப்பார்கள். சிலிக்கான் அளவே கேள்வியாக இருக்கும் உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது. அதைவிட, ஆயில் மாற்றும் நாளில் போல்ட்டைச் சுற்றி நன்றாகத் துடைத்து, பாதி ஆயில் ஓடிய பின் நடுவில் பாயும் தாரையில் பிடிப்பது மேல். ஆயில் கொதிக்கும் சூட்டில் இருக்கும் என்பதால் கையுறை கட்டாயம்.

பாட்டிலைச் சோதனைக்கூடத்திடமே கேட்டு வாங்குங்கள். கழுவிய பாட்டிலில் ஒட்டியிருக்கும் ஈரம் அறிக்கையில் தண்ணீராகவே வரும். மலையில் மூடுபனி இறங்கும் மாலையில் மூடியைத் திறந்து வைப்பதும் அப்படித்தான். முக்கால் பாகம் மட்டும் நிரப்புங்கள், அவர்கள் குலுக்கிப் பார்க்க இடம் வேண்டும். லேபிளில் வண்டி ஓடிய மொத்தக் கிலோமீட்டர், இந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் கிரேடு, இடையில் ஊற்றிய அளவு ஆகியவற்றை எழுதுங்கள். தோட்டத்துக்கும் ஃபாக்டரிக்கும் இடையே குறுகிய ஓட்டம் மட்டுமே என்றால் அதையும் குறிப்பிடுங்கள். குளிரில் இன்ஜின் முழுச் சூடாகாமல் ஓடினால் டீசலும் ஈரமும் ஆயிலிலேயே தங்கிவிடும்.

அடுத்த மாதிரியைப் புது ஆயில் ஓராயிரம் கிலோமீட்டர் ஓடியதும் எடுக்கலாம். ஆனால் ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடி, அதிலிருந்து இன்ஜினுக்குச் செல்லும் ரப்பர் குழாய், கிளாம்புகள் ஆகியவற்றை இன்றே பாருங்கள். ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் செம்மண் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். ஒட்டினால் அடுத்த அறிக்கைக்குக் காத்திருக்காமல் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள். துணி சுத்தமாக வந்து, அடுத்த மாதிரியில் சிலிக்கான் மட்டும் சற்று உயர்ந்திருந்தால், சம்ப் மாட்டும்போது ஆயில் கசியாமலிருக்கத் தடவிய சிலிக்கோன் கேஸ்கெட் பசையிலிருந்து அது வந்திருக்க வாய்ப்புண்டு. அதற்காக இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை.