இத்தாலிக்கு ரயில் டிக்கெட்: யாரிடம் வாங்குவது, எப்போது வாங்குவது?

இத்தாலிக்குப் போய்வந்தவர்களும் போகத் தயாராகிறவர்களும் எழுதிய கடிதங்கள் மேசையில் சேர்ந்துவிட்டன. கார் எடுக்காமல் ரயிலிலும் பஸ்ஸிலும் படகிலும் ஊர் சுற்ற நினைப்பவர்களின் கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். மிலான், வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம் என்று பத்து நாள் திட்டம். எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம் என்று சொல்லி, ரயில் பாஸ் எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா? (கோவை)

எடுக்காதீர்கள். ஏஜென்ட் உங்களுக்குப் போட்டுக் காட்டாத கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் திட்டத்தில் நெடுந்தூர ரயில்கள் மூன்றே மூன்று: மிலானிலிருந்து வெனிஸ், வெனிஸிலிருந்து ஃபிளாரன்ஸ், அங்கிருந்து ரோம். மூன்றுமே இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணங்கள். ஃபிளாரன்ஸ்–ரோம் ஒன்றரை மணி நேரம்தான். மூன்று முறை ஏறுவதற்கு 'எத்தனை முறை வேண்டுமானாலும்' என்ற சலுகை எதற்கு?

அங்கே வேக ரயிலுக்கு விலை வைக்கும் முறை விமான டிக்கெட்டைப் போன்றது. அரசு நிறுவனமான ட்ரெனிதாலியாவின் ஃபிரெச்சாரோஸ்ஸா ரயில்கள் ஒரு பக்கம். 2012இல் ஓடத் தொடங்கிய தனியார் நிறுவனமான இத்தாலோ இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே ஊர்களுக்கு இடையே போட்டி போட்டுக்கொண்டு ஓடுகின்றன. ட்ரெனிதாலியாவில் 'பேஸ்' என்பது முழு விலை. அதில் தேதியை மாற்றலாம். அதற்குக் கீழே 'எகானமி', 'சூப்பர் எகானமி' என்று விலை இறங்கிக்கொண்டே போகும், கூடவே உங்கள் உரிமைகளும் இறங்கும். இத்தாலோவிலும் இதே வழக்கம்தான். சில வாரங்களுக்கு முன்பே தேதி உறுதியாகிவிட்டால் முழு விலையில் பாதிக்கும் குறைவாகவே டிக்கெட் கிடைப்பதுண்டு. பாஸ் வைத்திருப்பவருக்கோ ஒவ்வொரு வேக ரயிலுக்கும் தனியாக முன்பதிவுக் கட்டணம் உண்டு, தலைக்கு 10 யூரோவுக்குக் குறையாது. நான்கு பேர், மூன்று பயணம், பன்னிரண்டு முன்பதிவு. பாஸுக்குக் கொடுத்த பணத்துக்கு மேல் இன்னும் 120 யூரோ! அந்த 120 யூரோவுடன் கொஞ்சம் சேர்த்தால் முன்கூட்டி வாங்கும் டிக்கெட்டில் ஒரு பெரும் பகுதியே முடிந்திருக்கும்.

சரி, சிற்றூர்களுக்குப் போகும் வட்டார ரயில்களுக்காவது பாஸ் உதவுமா? அந்த ரயில்களில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. மூன்று மாதம் முன்பு வாங்கினாலும் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு வாங்கினாலும் ஒரே விலை. ஃபிளாரன்ஸிலிருந்து பீசா போவது போன்ற சிறு தொகைகள் அவை. ரோமின் மெட்ரோவிலோ வெனிஸின் படகிலோ நேப்பிள்ஸிலிருந்து பாம்பெய் இடிபாடுகளுக்குப் போகும் சர்க்கும்வெசுவியானா ரயிலிலோ இந்தப் பாஸ் செல்லவே செல்லாது.

இவ்வளவு கோபத்துடன் நான் எழுதக் காரணம் உண்டு. என் முதல் இத்தாலிப் பயணத்தில் நான் வாங்கியதும் இப்படி ஒரு பாஸ்தான். விற்றவர் ரயில்களின் படத்தைக் காட்டினார், முன்பதிவுக் கட்டணம் பற்றி வாயே திறக்கவில்லை. ஊர் திரும்பியதும் ஒவ்வொரு பயணத்தின் விலையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். பாஸ் இல்லாமலே போயிருந்தால் மிஞ்சியிருக்கும் பணத்தில் என் அம்மாவையும் ஒரு வாரம் எங்காவது அழைத்துப் போயிருக்கலாம். ஆண்டுகள் பல ஆகியும் அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. ஏஜென்டுக்குப் பாஸ் விற்றால் கமிஷன் உண்டு. நீங்களே வாங்கும் சின்ன டிக்கெட்டில் அவருக்கு ஒரு காசும் இல்லை. அவருடைய அறிவுரையைக் கேட்கும்போது இதையும் நினைத்துப் பாருங்கள். பல நாடுகளைத் தாண்டி, இன்று எங்கே போகலாம் என்று காலையில் எழுந்து முடிவு செய்கிறவருக்குப் பாஸ் நல்லதுதான். ஆனால் நீங்கள் நான்கு ஊரிலும் ஓட்டல் பதிவு செய்துவிட்டீர்கள்.

ஒரு விஷயம். பிள்ளைகள் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் ஃபிரெச்சாரோஸ்ஸாவில் பெரியவருடன் இலவசமாகப் போகும் சலுகை ஒன்று உண்டு. ஆனால் பெரியவர்கள் முழு விலை கொடுக்க வேண்டும். நால்வருக்கும் தள்ளுபடி டிக்கெட் எடுத்தால் எவ்வளவு ஆகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விசா வருவதற்கு முன்பே மலிவாகக் கிடைத்ததென்று 'சூப்பர் எகானமி' டிக்கெட் எட்டு வாங்கிவிட்டேன். விசா மறுக்கப்பட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா? (சென்னை)

கிடைக்காது. பணத்தைத் திருப்பித் தரமாட்டோம் என்று பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு 67 வயது, மனைவிக்கு 63. ஃபிளாரன்ஸில் இயந்திரத்தில் காசு போட்டு பீசாவுக்கு டிக்கெட் எடுத்தோம். ரயிலில் பரிசோதகர் வந்து, டிக்கெட்டில் முத்திரை இல்லை என்று இருவருக்கும் சேர்த்து 100 யூரோ அபராதம் போட்டார். திருடர்களைப் போல மற்றவர்கள் பார்த்தார்கள். நாங்கள் என்ன தப்பு செய்தோம்? (தஞ்சாவூர்)

ஐயா, நீங்கள் தப்பு செய்யும் எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. முழுப் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கினீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவருக்கு அந்த விதி இயல்பாகத் தெரிந்திருக்க வழியே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு மனம் கனத்துவிட்டது.

விதி இதுதான். வட்டார ரயிலின் காகித டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது. நேரம் பதிக்காவிட்டால் அதே டிக்கெட்டை மறுபடியும் பயன்படுத்த முடியும். ஆகவே ஏறுவதற்கு முன் நடைமேடை அருகிலுள்ள சிறு பெட்டியில் டிக்கெட்டைச் செருகித் தேதியும் நேரமும் பதித்துக்கொள்ள வேண்டும். பதித்த பிறகு அது 4 மணி நேரம் செல்லும். இதற்கு அங்கே 'கொன்வாலிதா' என்று பெயர். பெட்டி வேலை செய்யாவிட்டால் டிக்கெட்டின் மேல் தேதியையும் நேரத்தையும் பேனாவால் எழுதிக்கொண்டு, ஏறுவதற்கு முன்பே பரிசோதகரைத் தேடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும். அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. கைப்பேசியில் வாங்கிய வட்டார டிக்கெட்டுக்கு முத்திரைக்குப் பதிலாக 'செக்-இன்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதையும் ஏறும் முன் அழுத்த வேண்டும். வேக ரயில் டிக்கெட்டில் ரயில் எண்ணும் இருக்கையும் அச்சாகியிருப்பதால் இந்த வேலை எதுவும் இல்லை.

நகரப் பேருந்துக்கும் இதே பழக்கம்தான். 'T' என்ற பெரிய எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் டிக்கெட் வாங்கி, வண்டிக்குள் ஏறியதும் பதிக்க வேண்டும். போகப்போகிறவர்கள் இந்தப் பதிலை வெட்டி பாஸ்போர்ட்டுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டில் பணம் கட்டும்போது யூரோவிலா, ரூபாயிலா என்று இயந்திரம் கேட்கிறது. எதை அழுத்த? (மதுரை)

யூரோ. எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் அந்த இயந்திரக்காரர் வைத்ததுதான் மாற்று விலை.

ரோம் டெர்மினி நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்தின் முன் திணறிக்கொண்டிருந்தபோது, கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் உதவினார். பெட்டியைத் தூக்கி ரயிலிலும் வைத்தார். பிறகு 20 யூரோ தராமல் இறங்கமாட்டேன் என்றார். மகள் பயந்ததால் கொடுத்துவிட்டேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. (திருச்சி)

சொல்லுங்கள் அம்மா. மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை. தனியாகப் பெண் குழந்தையுடன் இருந்த உங்களை மிரட்டியவர் அவர். பணம் கொடுத்து மகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டீர்கள், அதுதான் அந்த நேரத்தில் சரி.

மற்றவர்களுக்கு: பெரிய நிலையங்களில் இயந்திரத்தின் அருகே வலிய வந்து உதவுகிறவர் ரயில்வே ஊழியர் அல்ல. கழுத்து அட்டையை யாரும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். 'நோ' என்று உரக்கச் சொல்லுங்கள். அந்த இயந்திரங்களில் ஆங்கிலம் உண்டு. இன்னும் நல்லது, ரயில் நிறுவனத்தின் சொந்தச் செயலியில் முதல் நாள் இரவே ஓட்டலில் உட்கார்ந்து வாங்கிவிடுவது.

ரயில் நிறுவனத்தின் இணையதளத்தில் 'ஃபிளாரன்ஸ்' என்று தேடினால் எனக்கு வேண்டியது வரவில்லை. அதனால் வேறொரு தளத்தில் கூடுதல் விலைக்கு வாங்கினேன். (சேலம்)

ஃபிரென்ஸே என்று தேடியிருக்க வேண்டும். வெனேஸியா, நாப்போலி, மிலானோ, ரோமா. ஒரு நாட்டுக்குப் போவதற்கு முன் அந்த நாட்டு ஊர்களின் பெயர் ஐந்தைத் தெரிந்துகொள்வது பெரிய பாடா? கூட்டம் நெருக்கும் நிலையத்தில் நின்று பலகையைப் படிக்கும்போதும் இதே பெயர்கள்தான் இருக்கும். அந்தப் பலகையில் ரயில் கடைசியாகச் சேரும் ஊரை வைத்தே குறித்திருப்பார்கள். நீங்கள் இறங்கும் ஊர் நடுவில் இருந்தால் உடனே கண்ணில் படாது. டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணைப் பாருங்கள்.

வெனிஸ் என்று போட்டிருந்த ஓட்டலுக்குப் பணம் கட்டினோம். போனால் அது மெஸ்த்ரே. கால்வாயும் இல்லை, படகும் இல்லை. நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமா? (புதுச்சேரி)

முகவரியில் மெஸ்த்ரே என்று இருந்ததை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்தில் ஒரு முறை பார்த்திருந்தால் அது நிலப்பகுதி, தீவு வேறு என்பது தெரிந்திருக்கும். மெஸ்த்ரே வெனிஸ் நகராட்சியின் பகுதிதான், ஆகவே பொய் சொன்னார்கள் என்று வாதாட முடியாது.

போகப்போகிறவர்கள் கவனிக்க: வெனேஸியா மெஸ்த்ரே ஒரு நிலையம், வெனேஸியா சாந்தா லூசியா இன்னொன்று. தீவுக்குப் போவது இரண்டாவது. மெஸ்த்ரேயில் தங்குவது கெட்ட முடிவு அல்ல. அறை வாடகை குறைவு, கடல் மேல் போடப்பட்ட பாலத்தின் வழியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிட ரயில் பயணம். 2024 முதல் குறிப்பிட்ட சில நாள்களில் பகல் நேரப் பயணிகளிடம் வெனிஸ் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. மெஸ்த்ரே ஓட்டலில் தங்குகிறவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, இணையத்தில் பதிவு செய்துகொண்டால் போதும். படகுப் பேருந்தான வாபொரேத்தோ ஒரு முறைக்கு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். ஒரு நாள் சீட்டு 25 யூரோ. மூன்று முறை ஏறுவதாக இருந்தால் நாள் சீட்டு எடுங்கள். பாதி இடங்களுக்கு நடந்தே போய்விடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பெருங்கால்வாயைக் கடக்க மட்டும் என்றால் 'த்ராகேத்தோ' என்ற கொண்டோலாத் தோணி 2 யூரோவுக்கு அக்கரை சேர்க்கும்.

ரோம் விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயிலா, டாக்சியா? நால்வர், ஐந்து பெட்டி. (ஈரோடு)

ஃபியுமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து டெர்மினிக்கு நேராகப் போகும் லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடம், தலைக்கு 14 யூரோ. நால்வருக்கு 56. பழைய நகர மதிலுக்குள் டாக்சிக்கு நகராட்சி நிர்ணயித்த கட்டணமும் ஏறக்குறைய அதுதான், பெட்டியும் அதில் அடக்கம், ஓட்டல் வாசலில் இறக்கிவிடுவார். ஆகவே உங்களுக்கு டாக்சி. வெளியே வரிசையில் நிற்கும் வெள்ளை வண்டியில் மட்டும் ஏறுங்கள். உள்ளேயே வந்து 'டாக்சி, டாக்சி' என்று அழைப்பவருடன் போகாதீர்கள். ஒருவர் அல்லது இருவர் என்றால், ஓட்டல் த்ராஸ்தேவேரே பக்கம் இருந்தால், 8 யூரோ வட்டார ரயிலே போதும். அது டெர்மினிக்குப் போகாது.

நால்வருக்கு ஐந்து பெட்டி அதிகம். தனி ஆளாகப் படியேற்றித் தூக்க முடிகிற ஒரு பெட்டி, ஆளுக்கு ஒன்று. வெனிஸில் பாலம் என்றால் படிக்கட்டு.

எங்கள் வேக ரயில் 70 நிமிடம் தாமதம். இழப்பீடு கேட்டால் 'டிக்கெட் விற்ற தளத்திடம் கேளுங்கள்' என்கிறார்கள். அந்தத் தளமோ பதிலே போடுவதில்லை. (பெங்களூரு)

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 60 முதல் 119 நிமிடத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடமோ அதற்கு மேலோ ஆனால் 50 சதவீதம். கேட்ட ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். பணமாகவே வேண்டும் என்று கேட்கலாம். ரயில் நிறுவனத்தின் புகார்ப் படிவத்தில் டிக்கெட் குறியீட்டை இட்டு எழுத்தில் கேளுங்கள், நிலையத்தில் வாய்ப்பேச்சு வேண்டாம். அடுத்த முறை வண்டியை ஓட்டுகிறவரிடமே டிக்கெட் வாங்குங்கள். நடுவில் ஒருவர் இருந்தால், தவறு நடக்கும் நாளில் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

வேலைநிறுத்தம் பற்றிக் கேட்ட மூவருக்கும் இங்கேயே: 'ஷோப்பெரோ' முன்கூட்டியே அறிவிக்கப்படும், போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் தேதிகள் இருக்கும். வேலை நாள்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறைந்தபட்ச வட்டார ரயில்கள் ஓட வேண்டும் என்பது விதி. விமானம் பிடிக்கும் நாளை அந்தத் தேதியில் வைக்காதீர்கள்.

பாம்பெய் இடிபாடுகளைப் பார்க்க எந்த நிலையத்தில் இறங்க வேண்டும்? (நாகர்கோவில்)

பொம்பேய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி. நேப்பிள்ஸ் மத்திய நிலையத்தின் அடியிலுள்ள கரிபால்டியில் சொரெண்டோ போகும் சர்க்கும்வெசுவியானா ரயிலில் ஏறுங்கள். பொம்பேய் என்று மட்டும் பெயருள்ள நிலையம் வேறு. கூட்டம் நெரியும், பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா குடும்பம் பலெர்மோவில் இருக்கிறது. ரோமில் இறங்கி அங்கே போக வேண்டும். எல்லோரும் விமானம் என்கிறார்கள். ரயிலில் போகலாமா? (யாழ்ப்பாணம்)

போகலாம், போங்கள். ரோமிலிருந்து பலெர்மோவுக்கு இரவு ரயில் இருக்கிறது. ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். இத்தாலியின் முனையில் வில்லா சான் ஜொவான்னியில் ரயில் பெட்டிகளைப் பிரித்து அப்படியே கப்பலுக்குள் தள்ளுவார்கள். மெசினா நீரிணையைக் கப்பலில் கடந்து, சிசிலியில் மறுபடியும் தண்டவாளத்தில் ஓடும். நான் அதில் போனபோது பெட்டியிலிருந்து இறங்கி மேல்தளத்துக்குப் போய் நின்றேன். விடியும் நேரம், எதிரே மெசினாவின் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

படுக்கையை மட்டும் முன்பே வாங்குங்கள். உட்கார்ந்து போகும் டிக்கெட் மலிவாக இருந்தாலும் வேண்டாம். பலெர்மோவில் உங்கள் ஊர்க்காரர்கள் மொந்தே பெல்லெக்ரீனோ மலையிலுள்ள புனித ரொசாலியா குகைக் கோயிலுக்கு நேர்த்தி வைத்து ஏறுவார்கள், இந்துக்களும்கூட. அக்காவுக்கு அந்த வழி தெரிந்திருக்கும். நகரப் பேருந்தும் மேலே போகிறது. டிக்கெட்டைக் கீழேயே கடையில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள், ஏறியதும் பதித்துவிடுங்கள்.